துவைக்காத துண்டு

நாகமலை புதுக்கோட்டை,
ஆவணி, செவ்வாய்க்கிழமை, 1981.

அன்பு மகன் நல்லகாமனுக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உலைக்களத்தில் கவனமாக வேலை பார்த்து வருவாய் என்று நம்புகிறேன். இங்கே யாவரும் நலம் என்று எப்போதும்போல் எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை உன் அப்பாவின் வேட்டியில் இருந்த ரத்தத்தைத் துவைத்தது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, கல்லில் அடித்தும் கரையோரத்தில் கறை பழுப்பாக நிற்கிறது. அவருக்குக் காயம் ஒன்றும் இல்லை, பயப்படாதே. அது இன்னொருவருடைய ரத்தம்.

உன் தங்கை அன்னக்கொடிக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. உசிலம்பட்டியிலிருந்து பார்க்க வந்தவள் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கினாள், படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள், கால் இரண்டும் வீங்கியிருந்தது. பிள்ளைத்தாச்சின்னா மூச்சு வாங்கத்தான் செய்யும், நாங்கள்லாம் பெறலையா என்றாள் உன் அத்தை ஒச்சாயி. சம்பந்தி ஆனபிறகு அவளை எதிர்த்து உன் அப்பா ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான்தான் மதுரைக்குக் கூட்டிப்போனேன். லேடி டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். ரத்தம் குறைந்தாலும் இப்படி இளைக்கும், இதய வால்வு சுருங்கியிருந்தாலும் இளைக்கும், எது என்று ரத்தமும் ஈ.சி.ஜி.யும் பார்த்தால் தெரியும் என்றார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுக்கு மூட்டுகள் வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததே, நீதான் தூக்கிக்கொண்டு திரிந்தாய், அந்த மாதிரிக் காய்ச்சல்தான் பின்னால் வால்வைச் சுருக்கும் என்று அதை உடனே கேட்டார். ஈ.சி.ஜி. எடுத்து, பரிசோதனைக்கு ரத்தமும் கொடுத்துவிட்டு வந்தோம்.

நேற்று முடிவு வாங்கப் போனோம். இன்னொரு முறையும் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. உன் அப்பா, மாப்பிள்ளை முத்திருளன், உன் அத்தை எல்லோரும் வந்திருந்தார்கள். லேபில் இருக்கும் சுடலை என்பவர் வலி தெரியாமல் ஊசி போட்டு ரத்தம் எடுத்துவிட்டு, போன தடவை எடுத்த ரத்தத்துல குறையில்ல, ஆனா அந்தப் பழைய மூட்டுக் காய்ச்சலோட தடம் தெரியுது, டாக்டரம்மா சந்தேகப்பட்ட மாதிரி நோவு நெஞ்சுலதான் என்று மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டதும் உன் அத்தை எழுந்தாள். கண்ணாடிக் குழாய்கள் வந்த பெட்டியில் வைக்கோல் திணித்திருந்தது. அதில் ஒன்றை உருவி உன் அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்து, இந்தா இருக்குண்ணே துரும்பு, நோவு புடிச்ச புள்ளைய எம்மகன் தலையில கட்டிட்ட, இங்கனயே முறிச்சுப் போட்டுட்டு வேற பொண்ணு பார்க்கப் போறேன் என்றாள். நம் வழக்கத்தில் துரும்பு முறிந்தால் தாலியும் முடிந்தது என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உன் அப்பாவின் கோபம் போகும் வழி எனக்குப் பழக்கம். கூடப் பிறந்தவள் மேல் போகாது, எதிரில் இருக்கும் எளிய ஆள் மேல்தான் போகும். ரத்தம் கம்மின்னு மாத்தி எழுதுடா என்று சுடலையின் சட்டையைப் பிடித்தார். அண்ணே, நான் மாத்தி எழுதுனா தங்கச்சி நெஞ்சு மாறிராதுண்ணே என்றார் அவர். ஸ்டூலைத் தூக்கி முகத்தில் அடித்தார் உன் அப்பா. மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மேஜை சரிந்து குழாயெல்லாம் நொறுங்கியது. கண்ணாடிச் சில்லுகள் மேல் விழுந்தவரையும் விடவில்லை, ரத்தம் எடுத்த அந்தக் கையை மிதித்தார், மறுபடி மிதித்தார். தடுத்த எனக்கும் முழங்கையால் ஒரு இடி, உதடு கிழிந்திருக்கிறது. சற்றுமுன் எடுத்த அன்னக்கொடியின் ரத்தமும் சுடலையின் ரத்தமும் தரையில் ஒன்றாக ஓடியது. அவள் உதடு நீலம் பாரித்துச் சுவரோடு சரிந்தாள். உன் அப்பா தோளில் கிடந்த துண்டில் ரத்தக் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைய ஊரு சிரிக்க வச்சிட்டியேடி என்று அப்போதும் என்னைத்தான் திட்டினார்.

லேடி டாக்டர் ஊசி போட்டதில் அன்னக்கொடிக்கு மூச்சு திரும்பியது. என்னைத் தனியே அழைத்து, மாதம் ஏற ஏற இந்த இதயம் தாங்காது, வால்வை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை வேண்டும், மூட்டுக் காய்ச்சல் முழுதும் அடங்கியதா என்று இன்று எடுத்த ரத்தத்தில் பார்த்தபிறகுதான் செய்வார்கள், அது கொட்டிப்போனதால் சீக்கிரம் மறுபடி கொடுங்கள் என்றார். நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள், தவளையின் இதயத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவள், எனக்கு அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த லேபில் நம் வீட்டு ஆட்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மற்ற லேபுகளுக்கும் செய்தி போய்விட்டது, அங்கேயும் சேர்க்க மாட்டார்கள். அதோடு, வெள்ளிக்கிழமை அன்னக்கொடியை உசிலம்பட்டியில் கொண்டுபோய் விடுவது, இனி டாக்டர் ஊசி என்ற பேச்சே கிடையாது என்று துரும்பு முறியாமல் இருப்பதற்காக உன் அப்பா உன் அத்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அங்கே போனால் அவள் பிழைக்க மாட்டாள். ஊருக்குக் கட்டிவைத்த துணிமூட்டைமேல் சாய்ந்துகொண்டு, அம்மா நான் செத்துருவேனா என்று என்னிடம் கேட்டாள், இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று மாலை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரித்தார்கள். கால் வழுக்கிக் கண்ணாடியில் விழுந்துட்டான் என்றார் உன் அப்பா. ஆமா ஆமா என்றாள் உன் அத்தை. மாப்பிள்ளை தலையாட்டினார். பெரியாஸ்பத்திரியில் கிடக்கும் சுடலையும் பயந்துபோய் அதையே சொல்லிவிட்டாராம். நான் கிழிந்த உதட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டேன்.

நீ இதைப் படித்துவிட்டு ஆத்திரத்தில் ரயில் ஏறி வந்துவிடாதே, இந்த வீட்டில் இன்னொரு கை ஓங்க வேண்டாம். அந்தக் காய்ச்சல் தொண்டைப் புண்ணில்தான் தொடங்குமாம், உனக்கும் சிறு வயதில் அடிக்கடி தொண்டை கட்டும், ஆலை ஆஸ்பத்திரியில் ஒரு தடவை நெஞ்சைக் காட்டி ரத்தம் பார்த்துக்கொள், மறக்காதே. நீ தீர்க்காயுளுடன் இருக்க வேண்டும், யார் மேலும் கை வைக்காத ஆம்பிளையாக இருக்க வேண்டும், இதுதான் அம்மாவின் ஆசீர்வாதம்.

வேட்டியைத்தான் துவைத்தேன். அவர் ரத்தம் துடைத்த துண்டையும் தண்ணீருக்குள் அமுக்கப் போனவள் அப்படியே நிறுத்தி, காயவைத்து, என் பள்ளிக்கூடப் பைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். பார்த்ததைச் சொல்லித் துண்டைக் கொடுக்கப் போகிறேன். உன் அப்பாவை அவர்கள் உள்ளே வைத்திருக்கும் நாட்களுக்குள் லேபில் சுடலையோடு வேலை பார்ப்பவர்களிடம் போய் நின்று, ரத்தம் எடுக்க அன்னக்கொடியைக் கையை நீட்டச் சொல்வேன். துரும்பை முறிப்பவர்கள் முறித்துக்கொள்ளட்டும். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம்கூட.

இப்படிக்கு,
உன் அம்மா,
சோலையம்மாள்