உட்கார்ந்திருந்தபோது துடித்தது

ஜூலை 8, செவ்வாய்
விடாத தூறல். துணி எதுவும் காயவில்லை. மகன் பாபு கட்டிவிட்ட வாட்ச் கையை அரிக்கிறது. நாடித்துடிப்பு, நடை, தூக்கம், எங்கே இருக்கிறேன், எல்லாம் அவன் போனுக்குப் போகிறது. ஹிஞ்சவாடி ஆபீஸில் இருந்துகொண்டு நான் கண்ணயர்வதைப் பார்க்கிறானாம். போன வருடம் அவன் அப்பா குளியலறையில் விழுந்து, யாரும் பார்க்காமலே போனார். அந்தப் பயம். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் கழுத்தில் மணி கட்டிய மாடு நான்.

சாயங்காலம் போபோடி மாவு மில். அரைக் கிலோ கோதுமை. வீட்டில் ஏற்கெனவே இரண்டு டப்பா நிறைய மாவு.

மில்காரர் சுந்தரம் சிரித்தார். "இன்னா விஜயாம்மா, உங்க வூட்டு கோதும தீரவே தீராதா?" மெஷினை நிறுத்தி டீ சொன்னார். அவரும் தனி ஆள். என் பேச்சை நடுவில் வெட்டாமல் கேட்கிற ஒரே மனுஷர். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. எழுதவே வெட்கம். சந்தோஷமும்தான்.

ஜூலை 11, வெள்ளி
வாங்க: சோப்பு, இஞ்சி, கொத்துமல்லி. இன்றும் மில். டீ.

சாப்பிடும்போது பாபு போனை நீட்டினான். "அம்மா, செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் உன் ஹார்ட் ரேட் தடதடன்னு ஏறுது."

மில் படி ஏறினேன் என்றேன்.

"எங்க ஏறின? ஸ்டெப்ஸே இல்ல. நீ உக்காந்துக்கினுதான் இருந்த."

மருமகள் தட்டைப் பார்த்தாள். எனக்குக் காது சுட்டது. நெஞ்சுக்குள் இருப்பதை எடுத்துச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பயந்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஜூலை 14, திங்கள்
டாக்டர். ஈ.சி.ஜி. கோளாறு எதுவும் இல்லை. பாபு விடாமல் கேட்டதால் ஒரு சத்து மாத்திரை எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து வாட்ச்சைக் கழற்றினேன். அரிசி களைவதற்குள் ஆபீஸிலிருந்து பாபுவின் போன். "கழட்டிட்டியா? உயிரே போச்சும்மா!" மறுபடி கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஜூலை 15, செவ்வாய்
மில்லில் சு.விடம் எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். வாட்ச்சையே பார்த்தார்.

"நம்ம கட அதுல தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க எவ்ளோ நேரம் குந்திக்கினு இருந்தீங்கன்றதும்?"

"அதுவும்."

ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உங்க புள்ள நல்லவன். ஆனா நாளைக்கு நாலு பேரு பாத்தா? ஊர் வாய மூட ஒலமூடி இல்ல. இனிமே உங்க வூட்டாண்ட கட்கியிலயே அரச்சிக்கோங்க, விஜயா."

'அம்மா' இல்லாமல் என்னைக் கூப்பிட்டது இதுவே முதல் தடவை. குடையைச் சாய்த்துப் பிடித்து அழுதுகொண்டே வந்தேன். மாவுப் பை மார்பில் சூடாக இருந்தது.

ஜூலை 18, வெள்ளி
போகவில்லை. ஜன்னல் கம்பி துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன்.

ஜூலை 25, வெள்ளி
மழை விட்டது. காஸ் சிலிண்டர் வந்தது. மருமகளுக்குச் சளி.

பாபு சீக்கிரமே வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. போனைக் காட்டினான். ஒரு வாரத்துக்கு மேலாகக் கோடு ஏற்றம் இறக்கம் இல்லாமல் ஒரே சமமாக ஓடுகிறது.

"பாரும்மா, அந்த மாத்திர எப்டி வேல செய்யுது! இப்பதான் நீ நல்லா இருக்க."

கன்னத்தைக் கிள்ளினான். ஆமாண்டா என்றேன்.