டிக்கி வைத்த கார்

அன்புள்ள அக்கா மகளுக்கு,

யாருமே நம்பமாட்டாத ஒரு கதையைக் கோமுகி அணை சாட்சியாகச் சொல்கிறேன், கேள்.

உன் பெண்ணழைப்புக்கு என் காரைக் கழுவி, பூச்சரம் சுற்றிக்கொண்டு சின்னசேலத்திலிருந்து புறப்பட்டேன். தாய்மாமன் வண்டியில்தானே நீ கோயிலிலிருந்து மண்டபத்துக்கு வரவேண்டும்! கச்சிராயபாளையம் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடிவயிறு உரசியதில் சாலை நடுவே புது வாய்க்காலே வெட்டியாகிவிட்டது. இப்போது அதில்தான் கரும்புக்குத் தண்ணீர் பாய்கிறதாம்.

எதிரே வந்ததெல்லாம் யானை உயர வண்டிகள். என்னுடையதைப் போல டிக்கி வைத்த குடும்ப கார் ஒன்றுகூட இல்லை. அத்தனை பேரும் கல்வராயன் மலை உச்சியிலா குடியிருக்கிறார்கள்? தெருமுனையில் பால் வாங்கப் போக எதற்கு இத்தனை உயரம்?

கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் குனிந்து என் வண்டியைப் பார்த்தார்.

"இன்னாங்க மாமா, வண்டி மண்ணுல பொதைஞ்சி போச்சா? பொண்ணு எங்க வண்டியிலயே வரட்டுங்க, வீடியோல எடுப்பா இருக்கும்."

நீ என்னைப் பார்த்தாய். உடனே ஒரு சூறாவளி வந்து உன்னைத் தூக்கி அந்த உயர வண்டிக்குள் உட்காரவைத்துவிட்டது. உன்மேல் தப்பே இல்லை. எனக்கும் குறைவில்லை, பேச்சுத்துணைக்குத் தேவலோகத்துப் பெண்கள் நாலு பேர் என் காரில் ஏறிக்கொண்டார்கள்.

மறுவீட்டுக்கு அழைக்க நான்தான் வருவேன். மாப்பிள்ளையைக் கொஞ்சம் குனிந்து ஏறச் சொல்.

மற்றதெல்லாம் புளுகு என்றே வைத்துக்கொள். நீ உட்காருவாய் என்று பின்சீட்டில் புதுத் துண்டு விரித்திருந்தேன், அது மட்டும் நிஜம். இன்னும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
குள்ள வண்டிக்காரனாகிய உன் தாய்மாமன்