வரைபடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

ஜனவரி 9

முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் எழுதுவது என்றால் கையெழுத்துதான், அதுவும் அடுத்தவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில். உட்கார்ந்து என்னைப் பற்றி நானே எழுதுவது கொஞ்சம் திமிராகப் படுகிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் டைரி கொடுத்தார்கள். சும்மா கிடக்க வேண்டாமே என்றுதான்.

இந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் லிஃப்டில் ஆள் இருந்தால் படியேறிவிடுகிறேன். செயற்கைக்கோள் இரவில் எடுத்த படங்களை வைத்து, மாநிலத்தில் எந்த வட்டாரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கணக்கிடுவது என் வேலை. வெளிச்சம் கூடியிருந்தால் வளர்ச்சி. வீடு வீடாகப் போய்க் கேட்க வருடக்கணக்காகும். இதற்கு ஒரு மேசை போதும்.

இன்று எங்கள் வட்டாரம் வந்தது. பத்து வருடம் முந்தைய படத்தில் ஒரே கறுப்பு. புதுப் படத்தில் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி, கண் கூசுகிற மாதிரி. வேகமாக வளர்ந்த வட்டாரங்களில் நான்காவது இடம்! எங்கள் ஊரா? பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்வதால் அவருக்குக் கால்குலேட்டர் என்று பெயர். "இனிமே ஊருக்குப் போனா கூலிங் கிளாஸ் போட்டுட்டுப் போங்க" என்றார்.

ஜனவரி 10

அப்பாவிடம் போனில் சொன்னேன், வானத்திலிருந்து பார்த்தால் நம் ஊர் தெரிகிறதாம் என்று.

"நம்ம ஊரா? பஸ்காரனுக்கே தெரிய மாட்டேங்குது!"

சிரித்துவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார். செங்கல் சூளை மூடியபிறகு ஏதோ கம்பெனியில் காவல் வேலை பார்க்கிறார். என்ன கம்பெனி என்று நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 6

அறிக்கை வெளியீடு. திரையில் என் வரைபடம், சுவர் முழுக்க. இயக்குநர், "இதைப் போட்ட பொண்ணு இங்கதான் எங்கயோ இருக்கா" என்றார். தூணுக்குப் பின்னால் இருந்தேன். மேடம் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். மேடம்தான் எங்கள் பிரிவின் தலைவர். கைதட்டினார்கள். எனக்கு! வியர்த்துவிட்டது.

மே 19

தங்கச்சி போன் செய்தாள். அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். வாலு அழுது நான் கேட்டதே இல்லை.

"அக்கா, ஹாஸ்டல்லேர்ந்து பெட்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லி லெட்டர் வந்திருக்கு."

ஏன்டி, என்ன செய்தாய் என்று கத்தினேன். முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். பெரிய அக்கா நான்!

"நான் ஒண்ணும் பண்ணல. அந்த ஹாஸ்டல் பின்தங்கிய வட்டாரத்துப் பிள்ளைங்களுக்குத்தானாம். நம்ம வட்டாரம் முன்னேறிடுச்சாம், லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க. யாரோ மேப் போட்டுக் கண்டுபிடிச்சிருக்காங்க."

பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். முதல் பஸ் போய்ச் சேரும்போது இரண்டாவது பீரியட் முடிந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வேறு. "பதினொண்ணு வரைக்கும் படிச்சது போதும்னு அப்பா சொல்றாரு. அவர் வேலை செய்யற எடத்துலயே கார் கழுவ ஆள் எடுக்கறாங்களாம்" என்றாள்.

போனை வைத்துவிட்டு என் வரைபடத்தைத் திறந்தேன்.

மே 20

யாரோ.

மே 23

ஊருக்குப் போனேன். ஒன்றரை வருடம் கழித்து.

தெருவில் என்ன மாறியிருக்கிறது? ஒன்றுமில்லை. அதே இரண்டு கம்பம், அதில் ஒன்று எரியாது. முற்றத்தில் வாலுவின் தகரப் பெட்டி, இன்னும் திறக்காமல். அம்மா அதன்மேல் துணி காயப்போட்டிருந்தாள்.

ஆறு மணிக்கு அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "வர்றியாம்மா? பாத்துட்டு வருவ." கூடவே நடந்தேன். பத்து நிமிட நடை. பழைய சூளை இருந்த இடத்தைச் சுற்றி உயரமான கம்பிவேலி. உள்ளே கார்கள், புத்தம்புதுக் கார்கள். கப்பலேறக் காத்திருக்கின்றனவாம். எண்ண முடியவில்லை.

இருட்டியதும் ஏழு மணிக்கு விளக்குகள் எரிந்தன. ஐயோ! பட்டப்பகல். இதுதானா? நான் பார்த்த வெள்ளை இதுதானா?

"இங்க எவ்ளோ பேர்ப்பா?"

"ஷிப்டுக்கு மூணு பேரு. அப்புறம் ரெண்டு நாய். அதுங்க பர்மனென்ட்டு."

"எதுக்குப்பா இவ்ளோ லைட்டு?"

"காருக்கும்மா. கீறல் விழுந்துடக் கூடாதுல்ல."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு பக்கமும் விளக்கு என்பதால் அவருக்கு நான்கு நிழல். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு இருக்கும் திசையில் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

மாநிலத்தில் நான்காவது இடம்! கைதட்டல் வாங்கினேனே!

வரைபடம் போட்டது நான்தான் என்று அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

மே 25

மேடத்திடம் சொன்னேன். "ஒரு இடம் தப்பா இருந்தா முறையே தப்புன்னு ஆயிடாதும்மா. எல்லா முறையிலயும் நாலு ஓட்டை இருக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "உன் ஊர்னு தெரியும். வீட்டுல யாருக்காவது பாதிப்பா?"

"இல்ல மேடம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வீட்டு விஷயத்துக்காக அழுகிறாள் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். அதற்காகப் பொய்யா? நானா சொன்னேன்?

ஜூன் 1

ஒரு வாரமாகக் கால்குலேட்டரும் நானும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியாக எடுத்து, அங்கே வீட்டு மின் இணைப்பு எத்தனை என்று ஒப்பிட்டோம். வெளிச்சம் ஏறியிருக்கிறது, வீடுகளில் இணைப்பு ஏறவேயில்லை — அப்படிப்பட்ட வட்டாரங்கள் பதினொன்று. கிடங்குகள், ஒரு சுங்கச்சாவடி, ஒன்றில் சிறைச்சாலை. சிறைச்சாலையை வளர்ச்சி என்று எழுதியிருக்கிறேன்.

எத்தனை சதவீதம் என்று கேட்டேன். கால்குலேட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சதவீதம் சொன்னா சின்னதாத் தெரியும். பதினொண்ணுன்னே சொல்லுங்க."

அவரிடம் மட்டும் வாலுவைப் பற்றிச் சொன்னேன். பதறிவிட்டார். "வெளிய மூச்சு விட்டுடாதீங்க. தங்கச்சிக்காகப் பண்ணினதுன்னு ஒரு வார்த்தை கிளம்பினாப் போதும், பதினொண்ணும் போச்சு."

ஜூன் 8

இயக்குநர் அறை. நான்தான் பேசினேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினேன். மேடம் குறுக்கே பேசவில்லை. மின் இணைப்புப் பட்டியலை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "அவ சொல்றது சரி சார்" என்றார்.

இயக்குநர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாலு மாசம் முன்னாடி கைதட்டினவங்க முன்னாடியே போய் நிக்கச் சொல்றே." கடைசியில், திருத்தக் குறிப்பு எழுதச் சொன்னார். நேரில் போய்ச் சரிபார்க்கும்வரை பழைய பட்டியலே நீடிக்கட்டும் என்று அரசுத் துறைக்குப் பரிந்துரை. வாசல்வரை வந்தபிறகு, "உனக்கு இவ்ளோ பேச வருமா!" என்றார்.

ஜூன் 10

குறிப்பில் கையெழுத்தாகிவிட்டது. அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்டேன். இன்று எழுத முடியாது. துறையின் பதில் வரட்டும்.

ஜூன் 13

தகவல் இல்லை.

ஜூன் 16

தகவல் இல்லை. நான் கேட்டிருக்கக் கூடாதோ? கால்குலேட்டர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 24

நான்கு நாள் முன்பு துறையிலிருந்து கடிதம் வந்தது. பதினொன்றும் மறுபடி பட்டியலில், சரிபார்ப்பு முடியும்வரை. இந்த ஒரு வருடத்துக்கு அது போதும். வாலு போன் செய்தாள். பெட்டி ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாம், கூட இருக்கும் பெண் குறட்டை விடுகிறாளாம். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வானத்துலேர்ந்து பாத்ததுல என்னையும் பாத்திருக்கன்னு சொல்லு" என்றார்.

கால்குலேட்டர் ஒரு காகிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அச்சான திருத்தக் குறிப்பு. இரண்டாம் பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே பென்சில் கோடு போட்டிருந்தார். சதவீதம் எதுவும் சொல்லவில்லை.

பத்தாம் தேதி கேட்டதை இன்று எழுதிவிடுகிறேன். இயக்குநர் பேனா மூடியைத் திறந்துவிட்டார். மேலிருந்து மட்டும் பார்த்துவிட்டு ஒருதடவை தப்பாக எழுதினேன். இந்தத் தடவை எங்கே நின்று பார்த்தேன் என்பதை மறைத்து எழுதுவதா? மேடமும் பக்கத்தில் இருந்தார். வாய் திறந்தது.

"சார், ஒரே ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கடைசில ஒரு வரி சேத்துக்கலாமா? இதை எழுதினவளோட அப்பா அந்த வெளிச்சத்துக்குக் கீழ வாட்ச்மேனா இருக்காரு, தங்கச்சி அந்த ஹாஸ்டல்ல படிக்கிறா."