கேமராவுக்கு ஒரு வாய் சோறு

ஜூன் 4

அன்புள்ள 'என்னங்க' அவர்களுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். வாலு இப்போதுதான் கண் அசந்தாள். அவள் இருமும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் உங்கள் மகளைத் திட்டுங்கள், என்னை இல்லை.

அவளுடைய பிறந்தநாள் டிஸ்க் உங்கள் பிளேயரில் ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தெருமுனை ஸ்டுடியோக்காரர் புது மாதிரி ப்ளூ-ரே டிஸ்க்கில் ஏற்றிவிட்டாராம். "அதுலதாம்மா மூஞ்சி பளிச்சுன்னு தெரியும்" என்று சாதிக்கிறார். பழைய மாதிரியிலேயே மறுபடி போட்டு அனுப்புகிறேன். அதற்காக அங்கே புது பிளேயர் வாங்க வேண்டாம்.

சிக்கனம் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். முதலில் தலையணை வாங்கினீர்கள். பிறகு ஜன்னலுக்குத் திரை. அலமாரி வாங்கிய கையோடு லிஃப்ட் கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் வேலை பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தீர்கள். இப்போது மறுபடியும் காகிதம் நீட்டியிருக்கிறார்கள் என்கிறீர்கள். அதே கடிதத்தில் பிளேயர் என்றும் சொல்கிறீர்கள். அங்கேயே தங்கிவிடுவீர்களோ என்று இருக்கிறது. நேற்று ஒரு கனவு. உங்கள் அறை நிறைய அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் நீங்கள் மெதுவாகக் கூப்பிடுகிறீர்கள். எதைப் பிரிப்பது என்று தெரியாமல் நடுவில் நிற்கிறேன்.

அவள் பல், அவள் சளி, அவள் செருப்பு அளவு எல்லாம் விசாரித்திருந்தீர்கள். நானும் இங்கேதான் இருக்கிறேன்.

உங்கள்,
வாயாடி


ஜூன் 19

என் வாயாடிக்கு,

பிளேயர் வாங்கவில்லை. முதலில் மூச்சு விடு.

டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் பிளேயர் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரிய திரையில் போட்டார். நம் வீட்டுக் கூடமே கடைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. வெயிலில் மிதக்கிற தூசிகூடத் தெரிந்தது. வாலு ஸ்பூனில் சோற்றை அள்ளி, "அப்பா, ஆ காட்டு" என்று கேமராவைப் பார்த்து நடந்து வந்தாள். கடை என்பதே மறந்து நானும் வாயைத் திறந்துவிட்டேன். "என்ன சார், பசியா?" என்றார் கடைக்காரர்.

லென்ஸில் சோறு ஒட்டி நடுவெல்லாம் மங்கிவிட்டது. ஓரம் மட்டும் தெளிவு. அந்த ஓரத்தில் பீரோக் கண்ணாடி. கண்ணாடியில் நீ. என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கேமராவைப் பிடித்தபடி. "நல்லா ஊட்டுடி, அப்பா சாப்பிடறாங்க பாரு" என்று குரல் சிரிக்கிறது, கன்னம் நனைந்திருக்கிறது. நீ அனுப்பிய எல்லா டிஸ்க்கிலும் அந்தக் கண்ணாடி இருந்திருக்கும், இல்லையா? என் பிளேயரில் அது வெறும் வெளிச்சமாகத்தான் தெரியும்.

மறுபடி போடச் சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவை. "வாங்கப் போறீங்களா, படம் பாக்க வந்தீங்களா?" என்றார். "வீட்டுல கேக்கணும்" என்று வந்துவிட்டேன்.

கம்பெனிக் காகிதம் மேஜையில் கிடக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் அழுதாய்?

உன்,
என்னங்க


ஜூலை 2

அன்புள்ள என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அதற்குள்ளே எங்கேயோ தூரத்தில் நீங்கள் நின்று பார்ப்பது போலவே இருந்தது. தலையை வாரிப் பின்னிக்கொண்டேன். "யாரும்மா வராங்க?" என்று கேட்டாள் வாலு.

அவள் கேமராவுக்குத்தான் அப்பா என்று பேர் வைத்திருக்கிறாள். எடுத்து முடித்ததும் அதற்குத் துண்டைப் போர்த்தி, "சத்தம் போடாதம்மா, அப்பா தூங்கறாங்க" என்கிறாள். அதனால்தான் அழுதேன். கேட்டால் உடைந்துபோவீர்கள் என்று சொல்லாமல் இருந்தேன்.

காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிவிட்டேன். வாடகை, வேலை எல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் எழுதியதை அடிக்கப் போவதில்லை.

பிளேயரை வாங்குங்கள். ஆனால் அங்கே பிரிக்காதீர்கள். அட்டைப்பெட்டியோடு நீங்களே தூக்கிக்கொண்டு வாருங்கள். பின்பக்கத்து வயர்களை எனக்கு மாட்டத் தெரியாது, தெரிந்தாலும் மாட்டமாட்டேன். அடுத்த டிஸ்க்கை நீங்கள் எடுங்கள், நான் வாலு பக்கத்தில் உட்காருகிறேன்.

டி.வி. பக்கத்தில் இடம் ஒழித்துவைக்க வேண்டும். பெட்டி எவ்வளவு பெரிது, என்றைக்கு வருகிறீர்கள் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்,
வாயாடி