வீட்டில் பூட்டுள்ள பீரோ ஒன்றுதான்

ஜூலை 10, வியாழன்

1. பள்ளிகளில் ஆயுதக் காவலர் வைக்க வரப்போகும் சட்டம்.
2. துப்பாக்கி இரவில் பள்ளியிலேயே பூட்டியிருக்கும்.
3. ஆகவே நான் பயப்பட வேண்டியதில்லை.

இவ்வளவும் சாப்பாட்டுக்கு முன்பு எழுதியது.

மசோதா இன்னும் சட்டசபைக்கே வரவில்லை. அதற்குள் பேத்தி மீனுவின் பள்ளி காவலுக்கு ஆள் தேடுகிறது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த என் மகன் முருகன் இன்று போய்ப் பேசிவிட்டு வந்தான். துப்பாக்கி என்றதும் மீனு குதித்தாள்.

"தாத்தா, அப்பா எங்க கேட்டிலே தோக்கோட நிப்பாங்க! இனி ஒருத்தனும் என் டிபனை எடுக்கமாட்டான், அல்லே?"

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். "ராத்திரி தோக்கை ஸ்கூல்லதானே மக்கா பூட்டி வைப்பாங்க?"

"ஸ்கூலுக்கு ஏதுப்பா தோக்கு? சொந்த லைசென்சும் தோக்கும் உள்ள ஆளுக்குத்தான் வேலை. நானும் ஒண்ணு வாங்கணும். ஆரியசாலை பாங்கு வாசல்ல நிக்காரே, அவரும் அப்படித்தான். சாயங்காலம் கையோட வீட்டுக்குக் கொண்டு வருவேன்." முருகன் சிரித்தான். "அப்பாவுக்கு இப்பமே பேடி!"

பயம்தான். பட்டாளத்தில் இருந்தவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? ஆனால் இந்த வீட்டில் பூட்டுள்ள பீரோ ஒன்றுதான். சாவி எப்போதும் அதன் கதவிலேயே தொங்கும். மீனு தினமும் காலையில் அதைத் திறந்துதான் சீருடை எடுக்கிறாள்.

சற்றுமுன் எழுந்துபோய்ச் சாவியை எடுத்துவந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். துப்பாக்கி இன்னும் வாங்கவேயில்லை. காலையில் சாவி எங்கே என்று மீனு கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. அதை நம்பித்தான் மூன்றாவதை எழுதியிருந்தேன்.