அவள் சொல்லி முடிப்பதற்குள்

பள்ளத்தூர்

அன்பு மகன் நாராயணுக்கு அப்பச்சி எழுதுவது. பிள்ளையார்பட்டியான் புண்ணியத்தில் நானும் உன் ஆத்தாளும் மருமகள் சினேகாவும் பேத்தி ஜனனியும் இங்கே சுகம். துபாய் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அப்பச்சி எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன்னிடம் ஒரு பேச்சை முழுதாகச் சொல்லி முடிக்க முடிகிறதா? காகிதம் என்றால் குறுக்கே பேச மாட்டாய், அதனால்தான்.

வாரா வாரம் சினேகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போகிறாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சத்தியப்பிரியா டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார், பாப்பாவுக்கு எல்லாம் புரியுது, வார்த்தை வரத்தான் நேரம் ஆகுது, கேட்டுட்டுக் காத்திருங்க, பாப்பாவுக்குப் பதிலா நீங்க சொல்லாதீங்க என்று. இவ்வளவுதான் வைத்தியம். இது நம் வீட்டில் ஒருவருக்கும் முடியவில்லை. பிள்ளை தண்ணிச் செம்பைத் திரும்பிப் பார்த்தால் போதும், உன் ஆத்தா ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு வாயில் வைத்துவிடுகிறாள். கேட்டால், தாகத்துக்குத் தண்ணி குடுக்கிறதுக்கும் ஒரு சட்டமாக்கும், பச்சப்பிள்ளைய ஏன் இப்படி வதைக்கிறீக என்று என்மேல் பாய்கிறாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த மாதம் பழக்குவதற்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று டீச்சர் கேட்டதற்கு 'வாங்க' என்று சொன்னவள் சினேகாதான். கெட்டிக்காரி. நம் பக்கத்தில் வந்தவரை வீட்டிலிருக்கிற ஒவ்வொருவரும் வாங்க என்று கேட்டு வரவேற்றாக வேண்டும், ஒருவர் விட்டால்கூட மனத்தாங்கல் வந்துவிடும், உனக்குத் தெரியாததா? பிள்ளைக்குப் பழகிக்கொண்டே இருக்கும் என்று நினைத்தோம். போன வாரம் வலையபட்டி சேவுகன் மாமா கல்யாணம் சொல்ல வந்தார். ஜனனி வாசலுக்கே போய் அவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தது, 'வா' வரைக்கும் வந்தும்விட்டது. அதற்குள் மாமா தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று உன் ஆத்தாளுக்குப் பதற்றம். பிள்ள வாங்கன்னு கேக்குது மாமா, வாங்க வாங்க என்று உள்ளேயிருந்தே கத்திவிட்டாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டு சினேகாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டது. அன்று முழுக்க ஒரு வார்த்தை இல்லை. உன் ஆத்தாளிடம் நான் போட்ட சத்தத்தில் வந்த மனுஷர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். இன்று காலை வீடியோவில் வந்தாயே, என்ன பேசினாய் என்று நினைவிருக்கிறதா? சாப்ட்டியாம்மா, சாப்ட்டிருப்ப, ஸ்கூலுக்குப் போனியா, சமத்து, அப்பச்சிக்கு ஒரு முத்தம் குடு, சரி ஆபீஸ்ல கூப்பிடுறாக, டாட்டா. கேள்வியும் நீயே, பதிலும் நீயே. பிள்ளை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டை அசைவதைப் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். நீ வைத்துவிட்டாய். போன் இருட்டான பிறகு, யாரும் எடுத்துக் கொடுக்காமல், அதைப் பார்த்துத் தெளிவாக, வாங்க அப்பச்சி என்று உன்னைத்தான் அழைத்தது. கேட்கத்தான் நீ இல்லை. சினேகா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன், மறைப்பானேன். படித்ததும் போன் பண்ணி எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். பிள்ளையைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இரு, ஆபீஸ் காத்திருக்கட்டும். குன்றக்குடி முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். பொங்கலுக்கு வரும்போது பொம்மையும் சாக்லேட்டும் ஒன்றும் தூக்கிக்கொண்டு வராதே. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நில். பிள்ளை வாயைத் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். நாங்கள் யாரும் உன்னை வாங்க என்று கேட்க மாட்டோம், உன் ஆத்தாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜனனி கேட்டு முடிக்கிற வரைக்கும் படி ஏறாதே.

இப்படிக்கு,
உன் அப்பச்சி
அழகுசுந்தரம்