எபி முதலில் என் குரலில் கேட்கட்டும்

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரன் எபியும் அந்த ஆக்லாந்து குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, எனக்குத்தான் மனசு சரியில்லை, காரணம் அந்த டெனிஸ். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால்தான் எழுதி, படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

நீதானே ஆரம்பித்து வைத்தாய். பொழிச்சலூரில் டெனிஸ் என்று ஒருத்தர் மாடி அறையில் தானே எழுதி, தானே பாடி, எந்தக் கம்பெனி தயவும் இல்லாமல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு போடுகிறார், கேளுங்கப்பா என்று அனுப்பினாய். கேட்டோம், நன்றாகத்தான் இருந்தது, தலைக்கு மேல் விமானம் போகிற சத்தத்தைக்கூட வெட்டாமல் பாட்டுக்குள்ளேயே விட்டிருக்கிறான். அங்கே நீங்கள் மூவரும் காரில் பாடுகிறீர்கள், இங்கே அம்மா பீன்ஸ் நறுக்கும்போது பாடுகிறாள். ஓய்வுநாள் பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கையாட்டிப் பாட்டு சொல்லிக்கொடுத்தவன் நான், என் பாட்டை அவள் ஒரு நாள்கூட முணுமுணுத்ததில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன வாரம் வீடியோ காலில் நான் தொண்டையைச் செருமி ஆரம்பித்ததும் எபி, தாத்தா ஸ்டாப், டெனிஸ் மாமா பாட்டு போடுங்க என்றானே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான் ஜெரூ, வேறு பேர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் பெருங்களத்தூரில் ஒரு அபார்ட்மெண்ட் ஹாலில் அவன் பாடுகிறான் என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். கை தட்டுவதில்லை என்ற முடிவோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொசுவைப் பற்றி ஒரு பாட்டு, ஹாலே ஆடியது, என் கால் என்னைக் கேட்காமல் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும், நம் ஓய்வுநாள் பள்ளியில் எந்தப் பாட்டு முடிந்தாலும் ஆமென் சொல்லித்தானே உட்காருவோம், அந்தப் பழக்கத்தில் நானும் அம்மாவும் ஒரே குரலில் ஆமென் என்றுவிட்டோம். கொசுவுக்கு ஆமென்! ஹாலில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஆமென் ஆமென் என்று கத்த, டெனிஸ் சிரித்துக்கொண்டே அதை மறுபடி பாடினான். முடிந்ததும் எங்களைத் தேடி வந்து, சார் செம டைமிங் சார், சண்டே கிளாஸ் எடுக்கறவரா, கேட்டதுமே தெரிஞ்சுது சார் என்றான். கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன். அடுத்த நிமிஷமே அம்மா அவனோடு செல்பி எடுத்து அதை வாட்ஸப்பில் முகப்புப் படமாக வைத்துவிட்டாள், அதுவரை அந்த இடத்தில் எங்கள் கல்யாண நாள் படம் இருந்தது.

அம்மா பேரனைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, இன்னும் வெளிவராத மின்சார ரயில் பாட்டு ஒன்றை அவள் போனுக்கு அனுப்பினான், வர்ற சண்டேதான் ரிலீஸ் ஆன்ட்டி, அதுவரை யாருக்கும் அனுப்பாதீங்க என்றான். அன்றிலிருந்து மொட்டைமாடியில் அதைத்தான் பழகுகிறேன். நடுவில் மேலே போகிற இடம் எனக்கு எட்டவில்லை, ஒரு ஸ்தாயி இறக்கிவிட்டேன். கீழ்வீட்டு சுந்தரராமன் உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீ வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை மெதுவாகக் கார் ஓட்டச் சொல். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, பிள்ளையை ஆயுசோடு வளர்க்கட்டும். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. ஞாயிறு அந்தப் பாட்டு வந்ததும் போட்டுவிடாதே. ஆராதனை முடிந்து நான் கூப்பிடும்போது அங்கே சாயங்காலம் ஆகிவிடும், பரவாயில்லை, அதுவரை பொறு. எபி அதை முதலில் என் குரலில் கேட்கட்டும். அப்புறம் டெனிஸ் பாடட்டும், நன்றாகவே பாடட்டும். டெனிஸ் மாமா எங்க தாத்தா பாட்டைப் பாடுறார் என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் எனக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜீவானந்தம்